காண்டலும் கவர்தலும்: ஆறுமணிக்குருவியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

காண்டல் எவர்க்கும் தீங்கிழைக்காத செயல் என்பது நம்மிடையே பொதுவாக நிலவும் எண்ணமாகும். கொல்லுதல், களவாடுதல், பொய்யுரைத்தல் ஆகியன பற்றி அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. கண்ணாற் பார்த்தலைப் பற்றி அவை பேசுமிடத்தும் பிறர்மனையை நோக்குதல் போன்ற ஒரு சில சந்தர்ப்பங்களையே கருத்திற் கொள்கின்றன. மலையையும் அருவியையும் மலரையும் பறவையையும் பார்ப்பவன் அவற்றிலிருந்து எதனையும் குறைத்துவிடுவதில்லை. ஆதலின் அவனை நோக்கி அறம் கேட்கவேண்டிய கேள்வி எதுவுமில்லை என்றே நாம் கருதிவருகிறோம். இக்கருத்து எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு மிகச் சிறியதொரு விடயத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காட்டிலே வாழும் வண்ணப் பறவையொன்றைத் தேடிச் சென்று அதனை நிழற்படமாக எடுக்கும் ஒருவனை நினைத்துக்கொள்வோம். அவன் கையிலே துப்பாக்கி இல்லை, கூண்டு இல்லை, கண்ணி இல்லை. அவன் படத்துடன் வீடு திரும்பும்போது பறவை தன் காட்டிலேயே இருக்கிறது. குருதி சிந்தாத இச்செயலில் அறம் பற்றிய வினாவுக்கு இடமுண்டா? உண்டெனின் அவ்வினா எத்தகையது? கொலை தகுமா எனக் கேட்டால் விடை கூற எவரும் தயங்கார். இத்தகைய சிறு செயல்களிலேதான் நாம் ஏற்றுக்கொண்டுள்ள கொள்கைகள் உண்மையிற் சோதனைக்குள்ளாகின்றன.

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அவிசாவளையைக் கடந்த பின்னர் வருவது எஹலியகொட. இவ்வூரைச் சூழ இறப்பர்த் தோட்டங்களும், தேயிலைக் காணிகளும், வயல்களும், மாணிக்கக் குழிகளும், குன்றுகளின் மேற்பகுதியில் எஞ்சிநிற்கும் ஈரவலயக் காட்டுத் துண்டுகளும் காணப்படுகின்றன. ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதமளவில் இங்கு ஒரு விருந்தாளி வந்து சேர்கிறது. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனம்பெருக்கும் அச்சிறு பறவை, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்து, ஏப்பிரல் மாதமளவில் வடக்கே திரும்பிவிடுகிறது. நெடுந்தூரம் பறந்து களைத்து, வந்திறங்கும் காலத்தில் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிடுவதுண்டு. அதிகாலையிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாக ஒலிக்கும் அதன் குரல் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கேட்பதால் தமிழர் அதனை ஆறுமணிக்குருவி என்றனர்.

ஒரு சாணளவேயான இப்பறவையின் உடலில் அமைந்துள்ள வண்ணங்கள் வியப்புக்குரியன. முதுகு பச்சை, தோளிலும் வாலின் அடியிலும் ஒளிவிடும் நீலம், கழுத்து வெண்மை, மார்பு மங்கிய மஞ்சள், அடிவயிறு செந்நிறம், கண்ணை ஊடறுத்துச் செல்வது கரிய பட்டை. வட இந்தியாவில் இதனை ஒன்பது நிறத்தது என்னும் பொருளில் நவரங் என அழைக்கின்றனர். இத்துணை வண்ணங்களைப் பெற்றும் இது கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. நிழல் செறிந்த தரையிலே தத்தித் தத்திச் சென்று, உதிர்ந்த சருகுகளைப் புரட்டிப் பூச்சிகளையும் புழுக்களையும் தேடுவதே இதன் தொழில். எஹலியகொடப் பகுதித் தோட்டமொன்றிலே வளர்ந்த இக்கட்டுரையாளன் அறிந்தவரையில், விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் முதியோரும் பால் வெட்டச் செல்லும் பெண்களும் இதன் குரலைத் தவறாது இனங்காண்பர். ஆயின் உருவத்தை விவரிக்கச் சொன்னால் அவருட் பலர் தயங்குவர். அவர்களுக்கு அப்பறவை ஒரு நேரம். கமராவுடன் வருபவருக்கோ அது ஒரு நிறம்.

இப்பறவைக்கு வழங்கும் ஏனைய பெயர்களும் ஈண்டு நோக்கத்தக்கன. தமிழில் இதற்குத் தோட்டக்கள்ளன் என்றொரு பெயர் உண்டு. சிங்களத்தில் இதனை அவிச்சியா என்பர். குரலிலிருந்து பிறந்த பெயர் அது. அக்குரலுக்குச் சிங்கள மக்கள் ஒரு கதையும் கூறுவர். இக்குருவியின் அழகிய ஆடையை மயில் கவர்ந்து சென்றுவிட்டதாம். அன்றுமுதல் இது, நாளை விடிந்ததும் முறையிடுவேன், என் ஆடையைத் தந்துவிடு என்று கூவித் திரிகிறதாம். ஒரு மொழி கள்ளன் என்று பெயரிட்ட உயிரையே மற்றொரு மொழி களவு கொடுத்த உயிராகக் காண்கிறது. இவ்விரு பார்வைகளுள் எது சரியானது என்பது நமது கேள்வியன்று. பறவையின் அழகும் களவு என்னும் எண்ணமும் மக்கள் மனத்திலே அடுத்தடுத்து நின்றன என்பதே கவனத்திற்குரியது.

பறவையைத் தேடிச் செல்லும் வழக்கம் இந்நாட்டில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பிரித்தானியப் படையதிகாரியான வின்சன்ட் லெக் 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றி, இத்தீவின் பறவைகள் பற்றிய பெருநூலை 1880இல் நிறைவு செய்தார். அக்காலத்திலே ஒரு பறவையை அறிதல் என்பது அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பஞ்சடைத்து வைத்தலையும் உள்ளடக்கியிருந்தது. இங்கிலாந்திலே கேட்டன் சகோதரர்கள் 1892இல் பறவைக் கூடொன்றை நிழற்படம் எடுத்தனர். பின்னர் பறவைகளை அணுகுவதற்காக உள்ளீடற்ற எருதின் உருவத்தைச் செய்து அதனுள் ஒளிந்திருந்தனர். துப்பாக்கியின் இடத்தைக் கமரா பெற்றமை அறத்தின் வரலாற்றில் ஒரு முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. பறவை உயிரோடிருக்கிறது, அதற்கு மேலும் நாம் கேட்பதற்கு என்ன இருக்கிறது எனச் சிலர் வினவக்கூடும்.

இதற்கு நமது மொழியே ஒரு குறிப்பைத் தருகிறது. படம் எடுத்தல் என்கிறோம். படம் பிடித்தல் என்கிறோம். எடுத்தல் என்பது ஓரிடத்திலிருந்து ஒன்றை நீக்கித் தன்னிடம் கொள்ளுதல்; பிடித்தல் என்பது தப்பக்கூடிய ஒன்றைத் தப்பாமற் செய்தல். வேடனின் வினைகள் இரண்டும் கமராவுக்கு வந்து சேர்ந்தன. சூசன் சொன்ராக் 1977இல் வெளியிட்ட நிழற்படக்கலை பற்றிய நூலில், ஒன்றைப் படமெடுத்தல் அதனைத் தனதாக்கிக்கொள்ளும் ஒரு வகை என்னும் கருத்தை முன்வைத்தார். அவர் விரிவாக வாதிட்டு நிறுவியதைத் தமிழ்ப் பேச்சுவழக்கு ஒரு வினைச்சொல்லிலே அடக்கி வைத்துள்ளது. அது மட்டுமன்று. ஒன்றன் மீது விருப்பம் கொள்வதையும் அது எனக்குப் பிடிக்கும் என்றே கூறுகிறோம். விருப்பமும் கைப்பற்றலும் ஒரே சொல்லிலே உறைகின்றன. இவற்றைப் பிரித்தறிய இயலுமா என்பதே நமது பிரச்சினையின் மையம்.

அழகைப் பற்றி 1790இல் எழுதிய கான்ற், அழகிலே பெறும் இன்பம் தன்னல விருப்பத்தின் கலப்பற்றது என்றார். பசித்தவன் கனியைக் காணும் பார்வையும், அதன் வடிவிலே தோய்ந்தவனின் பார்வையும் வேறு வேறானவை. இக்கொள்கையின்படி, பறவையின் அழகிலே திளைத்திருப்பவன் அதைத் தன்னுடையதாக்க வேண்டுமென எண்ணும் கணத்திலேயே அழகின் எல்லையை விட்டு வெளியேறிவிடுகிறான். இரத்தினபுரி மாவட்டத்தில் இவ்வுண்மையை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. நிலத்தடியிலே கிடக்கும் நீலக்கல்லைக் கண்ட மாத்திரத்தே அதன் பெறுமதியை மதிப்பிடப் பழகிய கண்கள் இங்கு ஏராளம். அக்கண்களைக் குறை கூறுவதற்கில்லை. அது அவர்களது சீவனோபாயம். ஆயின் அதே மதிப்பீட்டுக் கண் பறவையை நோக்கியும் திரும்புமாயின் அங்கே இரசனை முடிந்து சேகரிப்புத் தொடங்கிவிடுகிறது. எத்தனை இனங்களைக் கண்டேன், எவற்றின் படங்கள் என்னிடமுண்டு, எனது படம் மற்றவரின் படத்திலும் சிறந்ததா என்பன சேகரிப்பாளனின் கேள்விகள்.

எனினும் கமராவின் பக்கத்து நியாயத்தையும் கேட்டாக வேண்டும். காணாத ஒன்றை எவரும் காக்க முன்வருவதில்லை. 1970களில் சிங்கராஜ வனத்திலே இயந்திரங்கள் கொண்டு மரம் வெட்டப்பட்டது. அம்மரங்கள் சென்ற ஒட்டுப்பலகை ஆலை, எஹலியகொடவுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட அதே நெடுஞ்சாலையிலுள்ள கொஸ்கமவில் இருந்தது. இயற்கை ஆர்வலரும் அறிஞரும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1977இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அவ்வெதிர்ப்பிலே முன்னின்றவர்களுள் ஒருவர் சுவிற்சர்லாந்திற் பிறந்து இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கொண்ட திலோ ஹொப்மன். காட்டினுள் இருப்பவற்றைக் கண்டும் காட்டியும் பழகிய மனிதர் இல்லாதிருந்தால் இவ்வெதிர்ப்பு எழுந்திராது. செங்கபில நிறத் தலையும் நீல உடலும் செவ்வலகும் கொண்ட, இந்நாட்டுக்கே உரிய நீல வால்காக்கை இன்றும் அவ்வனத்திலே பறக்கிறதெனின் அதற்குப் பார்த்தவர்களின் பங்கும் உண்டு.

இதனினும் சிறந்த சான்று கித்துள்கலவிலே கிடைக்கிறது. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர்க் காட்டில் 1995ஆம் ஆண்டு தீபால் வரகாகொட என்னும் பறவை ஆய்வாளர் தமக்குப் பழக்கமில்லாத ஓர் ஆந்தையின் குரலைச் செவியுற்றார். குரல் கிடைத்தது, குரலுக்குரிய உயிர் கிடைக்கவில்லை. 2001ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் சிங்கராஜ வனத்திலே அதனை அவர் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டு, மேற்கூறிய ஹொப்மனின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஒரு குரலின் பின்னே ஒருவர் நடந்திருக்கிறார். இதனைக் கவர்தல் என்று கூற நமக்கு மனம் வராது. இங்கே தேடுபவர் தம்மைக் காட்டின் காலத்துக்கு இயைபுபடுத்திக்கொண்டார். தேடுதலும் படமெடுத்தலும் தம்மளவிலே குற்றமாகா என்பது இதனாற் புலனாகும். அவ்வாறாயின் குற்றம் எங்கே தொடங்குகிறது?

இவ்வினாவுக்கு விடை காணப் படமெடுக்கும் முறைகளைச் சற்று நுணுகி நோக்க வேண்டும். ஆறுமணிக்குருவி போன்ற, தரையிலே மறைந்து திரியும் பறவையைக் காத்திருந்து காண்பது கடினம். ஆகவே அதன் குரலை ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து எழுப்பி அதனை வெளியே வரவழைப்பர். புழுக்களைத் தூவி வெளிச்சமுள்ள இடத்துக்கு இழுப்பாருமுளர். இனம்பெருக்கும் இடங்களிலே கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கிப் படமெடுப்பாருமுளர். அவர் சென்ற பின் அக்கூடு காக்கைக்கும் பாம்புக்கும் திறந்த வீடாகிவிடுகிறது. இவற்றுள் மிகத் தீங்கற்றதாகத் தோன்றுவது ஒலிப்பதிவே. ஆயின் அங்கு நிகழ்வது யாது? தன் இரைநிலத்துட் போட்டிக்கு ஒருவன் புகுந்துவிட்டான் எனப் பறவை நம்புகிறது. இரை தேடலை விட்டுவிட்டு, இல்லாத பகைவனை எதிர்க்க வெளியே வருகிறது. நெடும் பயணம் ஒன்றை முடித்து, மற்றுமொரு நெடும் பயணத்துக்கு வலுச்சேர்க்க வேண்டிய உயிர் தன் காலைப் பொழுதை ஒரு பொய்யின் பொருட்டுச் செலவிடுகிறது. நமக்குக் கிடைக்கும் படத்திலே அது கழுத்தை நிமிர்த்தி மிக எழிலாக நிற்கிறது. அந்நிமிர்வு அச்சத்தினதும் சினத்தினதும் அடையாளம் என்பதைப் படம் சொல்வதில்லை.

இதனை அறவியல் நோக்கிலே எவ்வாறு மதிப்பிடுவது? பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலிலே, விலங்குகள் பற்றிய கேள்வி அவை சிந்திக்குமா பேசுமா என்பதன்று, அவை துன்புறுமா என்பதே என்னும் கருத்தை நிலைநாட்டினார். இவ்வளவுகோலின்படி ஒருவர் ஒருமுறை எழுப்பும் ஒலியால் விளையும் துன்பம் மிகச் சிறிது. அவர் பெறும் மகிழ்ச்சியோ பெரிது. கணக்கு அவர் பக்கமே சாயும். ஆனால் ஒரு பறவை ஓரிடத்தில் உண்டு என்னும் செய்தி பரவியதும் அங்கு வருபவர் ஒருவராக இருப்பதில்லை. ஒவ்வொருவரும் தமது ஒருமுறையை மட்டுமே கணக்கிற் கொள்கின்றனர். பறவைக்கோ எல்லா ஒருமுறைகளும் சேர்ந்து ஒரே பருவமாகின்றன. தனித்தனியே நோக்குமிடத்துக் குற்றமற்ற செயல்கள் ஒன்றுசேர்ந்து குற்றமாவதை இவ்வளவுகோல் எளிதிற் காட்டித்தருவதில்லை.

கான்ற் வேறொரு வழியைக் காட்டினார். விலங்குக்குக் கொடுமை செய்பவன் தன்னுள்ளிருக்கும் மனிதத்தைக் கெடுத்துக்கொள்கிறான்; ஆதலின் அது தகாது என்பது அவர் கருத்து. பொய்யால் உயிர்களை ஏமாற்றிப் பழகியவன் மனிதரை ஏமாற்றுவதற்கும் கூசான் என்பதில் உண்மையுண்டு. ஆயினும் இவ்விளக்கத்தில் ஒரு குறை தங்குகிறது. பறவைக்குச் செய்த தீங்கு இறுதியில் மனிதனின் தீங்காகவே மாற்றி எழுதப்படுகிறது. பறவை அங்கேயும் நமக்கு ஒரு கருவியாகவே நிற்கிறது. சருகைப் புரட்டும் அக்குருவிக்கு ஒரு காலைப்பொழுது உண்டு, அக்காலைப்பொழுதிலே அதற்குரிய வேலையுண்டு, அவ்வேலை நம் பொருட்டு நிகழ்வதன்று என்னும் நேரடியான உண்மையை ஏற்றுக்கொண்டாலன்றி இவ்விடயத்தில் நமது சிந்தனை முழுமை பெறாது.

இங்கே வேறொரு திசையிலும் நம் நோக்கைச் செலுத்த வேண்டியுள்ளது. தோட்டங்களுக்குக் கமராவுடன் வருபவர்கள் பறவையை மட்டும் படமெடுத்துச் செல்வதில்லை. புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான யூலியா மார்கிரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார்; அவரது குடும்பத்துக்கு இங்கு கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1877இல் தம்மைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த்தைக் களுத்துறையிலே அவர் படமெடுத்தார். இந்நாட்டு மக்களையும் படமெடுத்தார். முன்னைய படத்திலிருப்பவரின் பெயரை உலகறியும். பின்னையவற்றில் இருப்போர் பெரும்பாலும் பெயரின்றியே எஞ்சினர். கூடையும் தலைத்துணியுமாகக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் பின்னர் தேயிலைப் பொதிகளிலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் உலகைச் சுற்றியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டுகளில் எல்லாம் இந்நாட்டின் முகமாக அவர்களது படம் வெளிநாடு சென்றது. அவர்கள் பார்க்கப்பட்டார்கள், ஆயின் காணப்படவில்லை.

மனிதரைப் பறவையோடு ஒப்பிடுதல் தகுமா எனச் சிலர் வினவலாம். ஒப்புமை நமது நோக்கமன்று, வேறுபாடே நோக்கம். கொழுந்து பறிக்கும் பெண் தன்னைப் படமெடுக்க வேண்டாமென்று கூறலாம், முகத்தைத் திருப்பலாம், என் பெயரையும் எழுது எனக் கேட்கலாம். கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சி அவள் அவ்வாறு கூறாதிருந்த காலம் நெடியது என்பது உண்மையே. எனினும் மறுக்கும் சொல் அவளிடம் இருந்தது; அதனைச் சொல்லும் வலிமையை அவளது மக்கள் படிப்படியாகப் பெற்றும் வருகின்றனர். பறவையிடம் அச்சொல் இல்லை. பறந்து செல்லுதல் ஒன்றே அதன் மறுப்பு. ஒலிப்பதிவும் இரையும் அம்மறுப்பையும் அதனிடமிருந்து பறித்துவிடுகின்றன. எதிர்நின்று எல்லை வகுக்க ஒருவருமில்லாத இடத்திலே எல்லையை வகுக்கும் கடமை முழுவதும் பார்ப்பவன் மீதே சுமத்தப்படுகிறது. சம்மதம் பெறும் வழியின்மை சம்மதம் கிடைத்ததற்கு ஒப்பாகாது.

இக்கடமையை நாம் எடுத்துரைக்கும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் குறுக்கிடுகிறது. பறவை தேடி வருபவர்க்கு வழிகாட்டுபவன் பெரும்பாலும் அவ்விடத்து இளைஞன். எந்த ஓடையோரத்தில் குரல் கேட்கும், எந்த மரத்தின் கீழ் சருகு ஈரமாக இருக்கும் என்பன அவன் சிறுவயது முதல் அறிந்தவை. படத்தின் கீழே அவன் பெயர் இடம்பெறுவதில்லை. ஆனால் பறவை தோன்றாவிடின் அவனது வருமானம் குறைகிறது. தோட்டத்தில் வேலைநாட்கள் குறைந்த குடும்பமொன்றிலிருந்து வருபவனிடம், ஒலிப்பதிவைப் பயன்படுத்தாதே என நாம் எளிதாக உபதேசிக்கலாம். அவ்வுபதேசத்தின் விலையைச் செலுத்துபவன் அவனே, நாமல்லோம். வறியவனின் இழப்பில் வசதியுள்ளவன் அறம் பேசுதல் நேர்மையாகாது. ஆகவே இங்கு மாற வேண்டியது கூலியின் அடிப்படை. வருபவர் நடைக்கும் அறிவுக்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும்; பறவையின் தோற்றத்துக்கு விலை கொடுக்கலாகாது. பறவை வராத நாளிலும் முழுக் கூலி உண்டு என்பது உறுதியானால் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கும் தேவை வழிகாட்டிக்கு எழாது. கட்டுப்பாட்டின் செலவை ஏற்க வேண்டியவர் இன்பத்தைப் பெற வந்தவரே.

நமது இலக்கிய மரபு இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணிப் போர்வை அளித்த பேகனை நாம் கொடைமடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. சிங்களக் கதையிலே ஆடையைக் கவர்ந்த மயில், தமிழ் மரபிலே ஆடையைப் பெறுகிறது. பேகனின் பார்வையில் ஒரு சிறப்புண்டு. அவன் மயிலிடமிருந்து எதையும் பெறவில்லை, கொடுத்தான். ஆயின் மயிலுக்குப் போர்வை வேண்டியிருந்ததா என அவன் எண்ணிப்பார்க்கவில்லை. தனக்குத் தோன்றிய குளிரை அதன் மீது ஏற்றிக் கண்டான். அன்பும் சில வேளைகளிலே பிற உயிரைத் தன் உருவிலே காணும் தவற்றுக்கு உட்படுகிறது. தூவிய புழுவைப் பறவைக்குச் செய்த உபகாரமாகக் கருதுபவனும் இவ்வகையினனே. அவனிடம் பேகனின் தன்னலமின்மையும் இல்லை.

அகநானூற்றின் நான்காம் பாடலிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் இதனின் வேறானவன். வினை முடித்துத் தலைவியிடம் விரைந்து வரும் அவன், பூக்களிலே துணையோடு தேனுண்ணும் வண்டுகள் மணியோசையாற் கலங்கிவிடும் என அஞ்சித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். வண்டையும் பறவை என்னும் சொல்லாலேயே அப்பாடல் குறிக்கிறது என்பது நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. இத்தலைவன் வண்டுக்கு எதனையும் கொடுக்கவில்லை. அதனிடமிருந்து எதனையும் கொள்ளவுமில்லை. அதற்கு வேண்டியது யாது என அறிந்து, அதனை மட்டும் செய்தான். தன் பயணத்தையும் அவன் கைவிடவில்லை. காதலின் விரைவு ஒருபுறமும், முன்பின் அறியாத சிற்றுயிரின் அமைதி மறுபுறமும் நிற்க, இரண்டுக்கும் இடமளிக்கும் வழியொன்றை அவன் கண்டான்.

பறவை தேடிச் செல்பவனுக்குரிய அறமும் இதுவேயாகும். காட்டுக்குச் செல்லற்க என நாம் கூறவில்லை. கமராவை வீட்டில் வைத்துவிட்டுச் செல்க எனவும் கூறவில்லை. மணிநாவைக் கட்டிச் செல்க என்கிறோம். ஒலிப்பதிவால் அழையாமை, இரையால் மயக்காமை, கூட்டை அணுகாமை, இலையை விலக்காமை, பறவை இரைதேடலை நிறுத்தி நம்மை நோக்கிய உடனே பின்வாங்குதல், கூடு இருக்கும் இடத்தைப் பலரறியக் கூறாமை என்பன இக்காலத்து மணிநாக்கள். இவற்றைக் கட்டியவனுக்குப் பல நாட்களில் படம் கிடைக்காது. பச்சையும் நீலமும் ஒரு கணம் நிழலிலே அசைந்து மறைவதை மட்டுமே அவன் பெறுவான். சில நாட்களில் குரலை மட்டுமே பெறுவான். அதனோடு மனநிறைவுற்றுத் திரும்ப இயலுமா என்பதே பிடித்தல் என்னும் சொல்லின் இரு பொருள்களையும் பிரித்துக் காட்டும் சோதனை. விருப்பம் மட்டுமே உடையவன் அங்கு அமைவான். கைப்பற்ற வந்தவன் கருவியை எடுப்பான்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, காண்டல் தானாகவே குற்றமற்றது என்னும் பொது எண்ணம் ஏற்கத்தக்கதன்று என்பது பெறப்படும். காணப்படும் உயிருக்கு மறுக்கும் ஆற்றல் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குக் காண்பவனின் பொறுப்பு மிகுகிறது. சிங்களக் கதையிலே அவிச்சியா நாளை முறையிடுவதாகக் கூறிக்கொண்டிருக்கிறது. அம்முறையீட்டைக் கேட்கும் மன்றம் எதுவும் காட்டிலே இல்லை. கமராவைக் கையிலேந்தி மரத்தின் பின்னே நிற்பவனே அங்கு வழக்காளியின் எதிரியும் நீதிபதியுமாவான். தனக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லும் நேர்மை அவனுக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.